ஒன்பது மீட்டர் நாற்பது

நல்ல வெயில் நேரத்தில் நடந்த கதை இது. பேய்க்கு இருட்டு வேண்டும், நடுச்சாமம் வேண்டும் என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது. பகல் பன்னிரண்டரை மணிக்கு, சூரியன் உச்சந்தலையில் நிற்கும்போது, ஒரு மனிதர் தன் தங்கை வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கக் கால் வரவில்லை.

நிலத்தடி நீர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. ஊர் ஊராகப் போய், கிணறு கிணறாக டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவார். இருபத்தெட்டு வருடமாக இதே பிழைப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் டேப்புக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

தெருவில் கடைசி வீடு தங்கையுடையது. அதோடு தெரு முடிந்து மதில் ஆரம்பித்துவிடும். மதிலுக்கு அந்தப் பக்கம் டேட்டா சென்டர். ஒரு ஜன்னல்கூட இல்லாத சாம்பல் நிறக் கட்டடம். மொட்டைமாடியில் வரிசையாகப் பெரிய பெரிய மின்விசிறிகள், அவற்றுக்கு மேலே எந்நேரமும் வெள்ளை ஆவி. உள்ளே ஆட்கள் குறைவு, கம்ப்யூட்டர் பெட்டிகள்தான் அதிகம். நாட்டில் யார் எந்தப் படம் எடுத்தாலும், யாருக்கு யார் என்ன எழுதினாலும், ஆஸ்பத்திரிச் சீட்டு முதல் பரீட்சை மார்க் வரை எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள்தான் போய்ச் சேருகிறது. பெட்டிகள் சூடாகும். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை.

அங்கிருந்து ம்ம்ம் என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. தெருக்காரர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. டேப்புக்காரருக்குப் பல் கூசியது.

ஆறு வருடமாக அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, போன வருடம், தங்கையின் கணவரைக் கிணற்றிலிருந்து தூக்கி வெளியே கிடத்தியிருந்த அன்று வந்தார். அன்றும் கேட்டுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனவர்தான்.

காலையில் அலுவலகத்தில் பெரிய என்ஜினியர் கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது கட்டடத்துக்கு அனுமதி கேட்டிருக்காங்க. மத்த பதினோரு கிணறும் வரம்புக்குள்ளதான் இருக்கு. பாக்கி உங்க தங்கச்சி வீட்டுக் கிணறு ஒண்ணுதான். மதிலை ஒட்டின கிணறு, அதனால மேல அதைத்தான் முதல்ல பாப்பாங்க. போன தடவை எழுதின அளவையே எழுதிக் குடுத்துடுங்க. துக்கம் நடந்த வீடு, உங்களுக்கும் சங்கடம். போகக்கூட வேண்டாம்."

போகக்கூட வேண்டாம். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் டேப்புக்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏன் என்று என்ஜினியருக்குத் தெரியாது. "இல்ல சார், போயிட்டே வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்தான் இப்போது வாசலில் உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்தது தங்கை. ஆறு வருடத்தில் இருபது வயது கூடிவிட்டிருந்தாள். அழவில்லை, கோபப்படவில்லை, "இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்றுகூடக் கேட்கவில்லை.

"வா அண்ணா. செருப்பை நிழல்ல விடு, சுடும்" என்றாள்.

அவர் எதிர்பார்த்து வந்தது வேறு. நாலு வார்த்தை திட்டினால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக வந்திருந்தார். இந்த அன்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார்.

உள்ளே தங்கையின் மகள் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தக் கட்டடத்தில்தான் அவளுக்கு வேலை. பெட்டிகளின் சூட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"மாமா, நீங்களா? கிணறு பாக்கவா வந்தீங்க?" என்றாள். "ரெண்டாவது கட்டடம் வந்தா நான் ஷிஃப்ட் லீடர். எங்க மேடமே சொல்லிட்டாங்க."

"அப்படியா. நல்லது."

"தெருவுல சில பேர் திட்டறாங்க மாமா. கட்டும்போது ஆயிரம் பேருக்கு வேலைன்னாங்க, கட்டி முடிச்சதும் அறுபது பேர்தானேங்கறாங்க. அந்த அறுபதுல நான் ஒருத்தி. அவங்க வந்ததுக்கு அப்புறம்தான் இந்தத் தெருவுல கரண்ட் போறதில்ல, ரோடு வந்துச்சு, கிளினிக் வந்துச்சு. நம்ம நாட்டு விவரம் எல்லாம் எவன் ஊர்லயோ கிடக்கிறதுக்கு இங்கேயே இருக்கிறது நல்லதுதானே?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. டேப்புக்காரர் தலையை ஆட்டினார். சமையலறை ஓரத்தில் லாரித் தண்ணீர் பிடித்த குடங்கள் வரிசையாக நின்றன. அவளும் அதைப் பார்த்தாள், பார்க்காதது மாதிரி பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பின்னாடி போய்ப் பாரு அண்ணா. நான் அடுப்பை அணைச்சுட்டு வரேன்" என்றாள் தங்கை.

கொல்லைப்புறத்தில், மதிலிலிருந்து பத்தடி தள்ளி இருந்தது கிணறு. பெரிய கிணறு இல்லை. சிமெண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய குறுகலான உறைக்கிணறு. மேலே இரும்பு மூடி. எட்டிப் பார்த்தால் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர் பையைக் கீழே வைத்தார்.

என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் வாயிலிருந்து வர இன்னும் நேரமாகும்.

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். கலகலப்பான ஆள். கல்யாணமான புதிதில் விடுமுறை நாட்களில் மச்சானோடு தொற்றிக்கொண்டு கிணறு அளக்க வந்துவிடுவார். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டேப்பைப் பிடித்திருப்பவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் அதே எண்ணை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாயும் ஒன்று சொன்ன பிறகுதான் பேனாவைத் திறப்பது. மாப்பிள்ளை கிணற்றுக்குள் தலையை நீட்டி, கடைசி எழுத்தை ராகம் போல இழுத்துத் திருப்பிச் சொல்வார். டேப்புக்காரர் சிரித்துச் சிரித்து எழுத மறந்துபோவார்.

அவ்வளவு ஒட்டுதலாக இருந்தவர்கள் பிரிந்தது ஒரு டீக்கடைப் பேச்சில். "எங்க மச்சானுக்கு என்ன வேலை தெரியுமா? ஊரார் கிணத்தை எட்டிப் பாக்கிறது. அதுக்குச் சம்பளம் வேற" என்று மாப்பிள்ளை நாலு பேர் நடுவில் சொல்லி வைத்தார். கடையே சிரித்தது. டேப்புக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது. மாப்பிள்ளை இரண்டு மூன்று தடவை ஆள் விட்டுப் பார்த்தார். இவர் பிடிவாதம் இவருக்கு.

மூன்று வருடத்துக்கு முன்னால் டேட்டா சென்டருக்கு அனுமதி கொடுப்பதற்காகச் சுற்றிலும் பன்னிரண்டு கிணறுகளை அளக்கச் சொன்னார்கள். சும்மா சொல்லக் கூடாது, பதினோரு கிணற்றையும் அவர் ஒழுங்காகத்தான் அளந்தார். பன்னிரண்டாவது இது. தெருமுனை வரைக்கும் வந்தார். வாசலில் மாப்பிள்ளையின் வேன் நிற்பதைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் எட்டு, ஒன்பது மீட்டரில்தானே இருக்கிறது, இது மட்டும் எங்கே போய்விடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வெறும் ஒன்பது என்று எழுதினால் போகாமல் எழுதினது மாதிரி இருக்கும். அதனால் கூட நாற்பது சென்டிமீட்டரைச் சேர்த்தார்.

ஒன்பது மீட்டர் நாற்பது.

அந்த நாற்பதை நினைக்கும்போதுதான் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். ஒன்பது, அவசரத்தில் செய்த தப்பு. நாற்பது, யோசித்துச் செய்தது.

சரி, கொல்லைப்புறத்துக்கு வருவோம்.

டேப்புக்காரர் இரும்பு மூடியை நகர்த்தினார். உள்ளிருந்து ஈரக் களிமண் வாசனை குப்பென்று வந்தது. வறண்ட கிணற்றில் ஏது ஈர வாசனை என்று ஒரு கணம் யோசித்தார். கூடவே வேறொரு வாசனையும் இருந்தது. வேன் எஞ்சினில் ஊற்றுகிற ஆயில்.

பையிலிருந்து டேப் உருளையை எடுத்தார். அதன் நுனியில் விரல் பருமனுக்கு ஓர் இரும்பு மொட்டு இருக்கும். அது தண்ணீரைத் தொட்டால் கையிலிருக்கும் உருளை கீ என்று கத்தும். தொடாவிட்டால் கத்தாது. அவ்வளவுதான் கருவி. இறக்கினார். ஐந்து மீட்டர். ஏழு. எட்டு.

கத்தாது என்று அவருக்குத் தெரியும். தீயணைப்புக்காரர்கள் இறங்கியபோதே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தார்.

ஒன்பது.

ஒன்பது பத்து. ஒன்பது இருபது. ஒன்பது முப்பது.

கீ...

உருளையை நழுவவிடப் பார்த்தார். டேப்பைக் குனிந்து பார்த்தார். விரல் பிடித்திருந்த இடத்தில் ஒன்பது நாற்பது.

மேலே இழுத்தார். இரும்பு மொட்டைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த எலும்பு மாதிரி வறண்டு கிடந்தது. தூசி ஒட்டியிருந்தது.

பையில் எப்போதும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பார். வெயிலை அதில் பிடித்துக் கிணற்றுக்குள் திருப்பினால் வெளிச்சம் அடி வரைக்கும் போகும். திருப்பினார். வளையம் வளையமாக வெளிச்சம் இறங்கியது. ஒன்பது மீட்டரில் ஒன்றுமில்லை. பதினைந்தில் ஒன்றுமில்லை. கீழே, வெகு கீழே, வெடித்துப்போன சேறும் பாறையும். தண்ணீர் இல்லை. ஆள் இல்லை.

மறுபடியும் இறக்கினார். ஒன்பது நாற்பதில் மறுபடியும் கத்தியது. நிறுத்தாமல் இறக்கிக்கொண்டே போனார். வெறும் காற்றில் தொங்கும் மொட்டு தண்ணீருக்குள் போவது போலக் கத்திக்கொண்டே போனது. கடைசியில் பாறையில் டொக்கென்று இடித்தது. இருபத்திரண்டு மீட்டர். சத்தம் நின்றது.

வியர்வை கண்ணில் இறங்கியது. இருபத்தெட்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இருபத்திரண்டு. வறண்டது."

கிணறு திருப்பிச் சொன்னது.

"ஒம்பது நாப்பது..."

எதிரொலி என்றால் சொன்னதைத்தான் சொல்லும். சொல்லாததைச் சொல்லாது. அதுவும் கடைசி எழுத்தை ராகம் போல இழுத்துச் சொல்லாது.

டேப்புக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னார்.

"இல்ல. இருபத்திரண்டு."

"ஒம்பது நாப்பதுதான்" என்றது உள்ளிருந்து. கோபமே இல்லாத குரல். வழி தெரியாதவருக்கு வழி சொல்கிற குரல். "இங்கதான் எங்கேயோ இருக்கு."

பிறகு சேற்றைக் கையால் அளைகிற சத்தம். சளக். சளக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் சளக்.

எதையோ தேடுகிற சத்தம்.

"கேட்டுச்சா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினார். பின்னால் தங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயம் இல்லை.

"உனக்கும் கேக்குதா?" என்றார்.

"ஒரு வருஷமா கேக்குது. பொண்ணுகிட்ட சொல்லல. பயந்துடுவா." கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். "நீ அன்னிக்கு வாசலோட போயிட்ட. எப்படி நடந்துச்சுன்னு உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"கால் வழுக்கினதா சொன்னாங்க."

"வழுக்கல. அன்னிக்கு மோட்டார் போட்டா வெறும் காத்துதான் வந்துச்சு. தண்ணி வத்திடுச்சு, லாரிக்குச் சொல்லலாம்னு நான் சொன்னேன். அவர் கேக்கல. உள்ள போய்ப் பீரோவுல இருந்து ஒரு தாளை எடுத்துட்டு வந்தாரு. அனுமதி குடுத்தப்போ பஞ்சாயத்துல ஒட்டினாங்களே, கிணத்து அளவெல்லாம், அதுல ஒரு பிரதி. இங்க பாரு, ஒம்பது நாப்பதுன்னு போட்டிருக்குன்னு காட்டினாரு."

டேப்புக்காரர் டேப்பை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாதான் நம்ம வீட்டுக்கு வரவே இல்லையே, எப்ப வந்து அளந்தாருன்னு நான் கேட்டேன். அதுக்கு அவர் சொன்னாரு, நான் வேனோட போயிருந்தப்போ வந்திருப்பாரு, என்மேல கோபம் இருந்தாலும் வேலைன்னு வந்தா மச்சான் பொய் எழுத மாட்டாருன்னு."

தங்கை கிணற்றுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"டார்ச் அடிச்சுப் பாத்தாரு. கீழ என்னமோ பளபளன்னுது, தண்ணிதான், மோட்டார் வாயில சேறு அடைச்சிருக்கும், ஒம்பது மீட்டர் என்ன பெரிய ஆழமா, எடுத்து விட்டுட்டு வரேன்னு கம்பிப்படியில இறங்கினாரு. உள்ள இருந்து குரல் குடுத்துக்கிட்டே போனாரு. ஒம்பது நாப்பது தாண்டிட்டேன், இன்னும் கொஞ்சம் கீழ இருக்கும் போலன்னாரு. இன்னும் கொஞ்சம்னாரு. அப்புறம் குரல் வரல. அடியில நல்ல காத்தே இல்லையாம்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் தேடிட்டிருக்காரு அண்ணா. தண்ணி இங்கதான் இருக்கணும், மச்சான் எழுதியிருக்காருன்னு ராத்திரி பகலா தேடறாரு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். என் பேச்சை எப்ப கேட்டாரு, இப்ப கேக்க."

டேப்புக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது. உட்கார்ந்தும் முடியவில்லை. தங்கையின் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் வரலம்மா."

"எப்ப?"

"அந்தத் தடவை. அளக்கவே வரல. தெருமுனையில வேனைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். பஸ் ஸ்டாப்புல உக்காந்து நானா எழுதினேன். ஒம்பது நாப்பது, நானா போட்டது."

அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"மத்த கிணறெல்லாம் அந்த அளவுல இருந்துச்சு. இங்க அடியில பாறை வேற மாதிரின்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்பவே இந்தக் கிணத்துல தண்ணி இருபதுக்கும் கீழ போயிருக்கும். நான் வந்து பாத்திருந்தா அனுமதியே வேற மாதிரி ஆகியிருக்கும். இல்லன்னாலும் மாப்பிள்ளை இறங்கியிருக்க மாட்டாரு." அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "என் வறட்டு ரோஷத்துக்கு அவரைக் காவு குடுத்துட்டேன். வெக்கமா இருக்கு. உன் முன்னாடி உக்காந்திருக்கவே வெக்கமா இருக்கு."

மதிலுக்கு மேலே வெள்ளை ஆவி போய்க்கொண்டே இருந்தது. தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்ப என்ன எழுதப் போற?" என்றாள் கடைசியில்.

"என்ஜினியர் பழசையே எழுதச் சொல்றாரு."

"உண்மையை எழுதினா?"

"ரெண்டாவது கட்டடம் நின்னுடும். முதல்ல குடுத்த அனுமதியையும் கிளறுவாங்க. என் வேலை போகும். அது போகட்டும். பொண்ணுக்கு..."

"தெரியும்."

உள்ளே சளக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"அவ படிச்சவ, சின்ன வயசு. எப்படியாவது பொழைச்சுக்குவா" என்றாள் தங்கை. குரல் உடைந்து, மறுபடியும் சேர்ந்தது. "இவர் எப்படி மேல வருவாரு? நீ எழுது."

அவர் புத்தகத்தை எடுத்தார். கிணறு எண் பன்னிரண்டு. ஆழம் இருபத்திரண்டு மீட்டர். வறண்டது. அடுத்த வரியில், மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கிணற்றுக்கு எழுதிய அளவு நேரில் வந்து அளக்காமல் எழுதியது என்றும் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. கீழே கையெழுத்துப் போட்டார்.

"படி. அவருக்குக் கேக்கற மாதிரி படி" என்றாள் தங்கை.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்த இருட்டைப் பார்த்து அவர் படித்தார். இரண்டாவது வரியில் குரல் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து மறுபடியும் படித்தார். தன்னைப் பற்றித் தானே எழுதியதை, தன்னால் செத்தவரிடம் உரக்கப் படித்துக் காட்டுவதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு உண்டா? படித்து முடித்தார்.

சேற்றை அளைகிற சத்தம் நின்றது.

தங்கையும் குனிந்தாள். சமையலறையிலிருந்து கூடத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் கேட்டாள்.

"கேட்டீங்களா, அண்ணா சொன்னதை?"

இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"தண்ணி அங்க இல்லையாம். இனிமே தேட வேண்டாம்."

வெகு நேரம் ஒன்றுமில்லை. டேப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கை வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தார். பிடிக்கட்டும் என்றே நினைத்தார். இழுத்தால் சத்தம் போடாமல் போய்விடுவது என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டார்.

பிறகு வெகு ஆழத்திலிருந்து, நாள் முழுக்க வண்டி ஓட்டிக் களைத்த ஆளின் குரல் வந்தது.

"மச்சான் இன்னும் இருக்காரா?"

"இருக்காரு" என்றாள் தங்கை.

"சாப்பிடச் சொல்லு. வெயில்ல வந்திருப்பாரு."

திட்டுக்கு ஈடாகத் தலையைக் குனியலாம், அடிக்கு ஈடாக முதுகைக் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? டேப்புக்காரர் கூனிக் குறுகி, கைப்பிடிச் சுவரில் நெற்றியை வைத்து, சத்தம் வராமல் அழுதார்.

"எழுந்திரு அண்ணா. கையைக் கழுவு. லாரித் தண்ணி, பாத்துச் செலவு பண்ணு" என்று சொல்லிவிட்டுத் தங்கை உள்ளே நடந்தாள்.

பின்னால் போகும்போது அவர் மூடுவதற்காக இரும்பு மூடியைத் தொட்டார். "மூடாதே. திறந்தே இருக்கட்டும்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

கூடத்தில் தரையில் மூன்று தட்டு வைத்திருந்தாள். மூன்றிலும் சோறு போட்டாள்.

"தினமும் அவருக்கும் வைப்பேன்" என்றாள், அவர் கேட்காமலே. "தினமும் அப்படியே இருக்கும். சாயங்காலம் எடுத்துக் காக்காய்க்குப் போட்டுடுவேன்."

அவர் உட்கார்ந்தார். தங்கைக்காக முதல் வாய் சாப்பிட்டார். கொல்லைப்புறத்திலிருந்து ஈரக் களிமண் வாசனை கூடத்துக்குள் வந்தது. யாரோ கால்களை மடக்கித் தரையில் உட்காரும்போது வருகிற ஒரு சின்ன முனகல் எதிரே கேட்டது.

தங்கை பரிமாறுகிற கையை நிறுத்திவிட்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

டேப்புக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்கிற முகம் அவருக்கு இல்லை. தன் தட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சாப்பிட்டார். ஆனாலும் ஓரக்கண்ணுக்குத் தெரிந்தது. எதிர்த் தட்டில் சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.